கச்சை

1806 ஜூலை 10 அன்று வேலூர்க் கோட்டையில் நிகழ்ந்தது என்ன என்பதைப் பள்ளிப் பாடநூல் படித்த எவரும் ஓரளவு அறிவர். நள்ளிரவுக்குப் பின் எழுந்த சிப்பாய்கள் விடிவதற்குள் கோட்டையைக் கைப்பற்றி, திப்புவின் கொடியை ஏற்றினார்கள். 69ஆம் காலாட்படையில் எஞ்சிய 60 பேர் அளவிலான வெள்ளையர் மதிலின் ஒரு பகுதியில் ஒண்டிக்கொண்டிருந்தனர். தோட்டா தீர்ந்துவிட்டது. கட்டளையிட அதிகாரிகள் இல்லை. சார்ஜென்ட்டுகளும் இரண்டு உதவி மருத்துவர்களுமே அவர்களைத் தாங்கிப் பிடித்திருந்தார்கள். 16 மைல் தொலைவிலிருந்த ஆற்காட்டிலிருந்து கர்னல் கில்லெஸ்பி ஒரு சிறு குதிரைப்படையோடு விரைந்து வந்து சேர்ந்தார். வாயில் அடைபட்டிருந்தது.

பாடநூல்கள் இங்கிருந்து பீரங்கிக்குத் தாவிவிடுகின்றன. நமக்கோ பீரங்கிக்கு முந்தைய சில நிமிடங்களே முக்கியம். கில்லெஸ்பி மதில் ஏறியது ஒரு கயிற்றாலும், மேலிருந்து இறக்கப்பட்ட ஒரு சார்ஜென்ட்டின் இடுப்புக் கச்சையாலும். வீரர்களின் தோல்வார்களை ஒன்றோடொன்று பிணைத்து இறக்கினார்கள் என்று சொல்வோரும் உண்டு. எப்படியானாலும், ஒருவர் அரையில் கட்டியிருந்த ஏதோ ஒன்றைப் பற்றிக்கொண்டுதான் அவர் மேலே போனார். போனவர் எஞ்சியிருந்தவர்களைத் திரட்டித் துப்பாக்கிமுனைக் கத்தியோடு மதில்மீது பாய்ந்து நேரத்தைச் சம்பாதித்தார். பின்னால் வந்த 19ஆம் குதிரைப்படையின் பீரங்கிகள் கதவைத் தகர்த்தன. பிறகு நடந்தது படுகொலை. சரணடைய ஒதுங்கியிருந்தவர்களில் 100 பேர் வரை சுவரோரம் நிறுத்திச் சுடப்பட்டார்கள். அன்று இறந்த சிப்பாய்கள் சுமார் 350 என்பது பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு; அதற்கு மேலும் சொல்கிறார்கள்.

சார்ஜென்ட்டின் கச்சை பதவியின் அடையாளம். எல்லோரும் பார்க்கத்தான் அதைக் கட்டிக்கொள்வது. ஆனால் அடிபட்டவனைத் தூளிபோல் கிடத்தித் தூக்கிச் செல்லவும் அது உதவும் என்றொரு பேச்சு ஆங்கிலப் படைகளில் நெடுங்காலம் இருந்தது. அந்த இரண்டாம் பயன் யார் கண்ணையும் உறுத்தாமல் முதல் பயனுக்குள் ஒளிந்திருந்தது என்று கொள்ளலாம். ஆபத்து நாளுக்கென்று மனிதர்கள் அன்றாட உடையோடு உடையாகச் சுமந்து திரிந்த பொருள்கள் சிலவற்றை, இன்று தோல் வட்டாரம் என்றே பெயர்பெற்றுவிட்ட வேலூர், இராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடிப் பக்கத்து வரலாற்றை வைத்து இங்கே பார்க்க முயல்கிறோம். 2019 இல் மூன்று மாவட்டங்களாகப் பிரிக்கப்பட்ட பகுதி இது. அதற்கு முன் வேலூர் மாவட்டம், அதற்கும் முன் வட ஆற்காடு.

உடைக்கு அடியில் இருப்பது பெரும்பாலும் ஆவணத்தில் ஏறுவதில்லை. ஏறுவதென்றால் இரண்டே வழி: அரசு அதைக் கழற்றச் சொல்லி ஆணையிடவேண்டும், அல்லது அணியச் சொல்லி ஆணையிடவேண்டும். நம் நல்வினையோ தீவினையோ, கும்பினிப் படை இரண்டையும் செய்தது.

கழற்றச் சொன்ன கதையை முதலில் எடுத்துக்கொள்வோம். 1805 நவம்பரில் மதராஸ் படைக்கு ஒரு புதுத் தலைப்பாகையின் மாதிரி ஏற்கப்பட்டது. தொப்பியை ஒத்த உருண்டை வடிவம். அதில் தோலால் ஆன குஞ்சம். 1806 மார்ச்சில் வந்த நிலையாணை, சீருடையில் இருக்கும்போது சிப்பாய்கள் நெற்றிக்குறி இடக்கூடாது, காதணி அணியக்கூடாது, முகவாயை மழிக்கவேண்டும், மேலுதட்டு மயிரும் ஒரே அளவாக இருக்கவேண்டும் என்றது. ஆளுநர் வில்லியம் பென்டிங்க், தலைமைத் தளபதி ஜான் கிராடக் இருவருக்கும் இது ஒழுங்கு பற்றிய விஷயம். அணிவகுப்பில் வரிசை நேராகத் தெரியவேண்டும், அவ்வளவே.

தலைப்பாகைத் தோல் பசுவினுடையதா பன்றியினுடையதா என்ற ஐயத்தைப் பற்றி நிறைய எழுதியாயிற்று. காதணி பற்றி அத்தனை எழுதப்படவில்லை. முஸ்லிம் சிப்பாய்களில் பலருக்கு அது பிறந்தபோதே ஒரு வலியுல்லாவின் பெயரால் நேர்ந்து இடப்பட்ட காப்பு. நகை என்று நாம் நினைப்பது அவர்களுக்குப் பாதுகாப்புக் கருவி. நெற்றிக்குறியும் இந்துச் சிப்பாய்க்கு அத்தகையதே. போருக்குப் போகிறவனிடம் அவனுடைய காப்பைக் கழற்றிவிட்டுப் போ என்று சொல்வது எத்தகைய ஆணை என்பதைத் தமிழ் வாசகருக்கு விளக்கவேண்டியதில்லை. புறநானூற்றில் இடைக்குன்றூர் கிழார் பாடும் இளம் பாண்டியன் நெடுஞ்செழியன் ஐம்படைத் தாலியைக்கூடக் கழற்றாத வயதில் களம் புகுந்தவன். திருமாலின் ஐந்து படைக்கலங்களின் சிற்றுருவைக் கோத்துக் குழந்தைக்குக் காவலாக அணிவிப்பது அந்தத் தாலி. படைக்கலம் ஏந்தும் வயது வருமுன் படைக்கலத்தின் உருவம் காக்கும் என்பது அதன் கணக்கு.

புதிய சீருடையில் இன்னொரு சிறு பொருளும் இருந்தது. துப்பாக்கியின் திருகாணியைக் கழற்றவும் முடுக்கவும் ஆன ஒரு கருவி. மார்புப் பக்கம் தொங்கியது. அவசரத்தில் துப்பாக்கி மக்கர் செய்தால் உயிர் காப்பது அதுதான் என்பது அதிகாரிகளின் எண்ணம். சிப்பாய்கள் அதன் வடிவத்தில் சிலுவையைக் கண்டார்கள். நெஞ்சருகே தொங்கவிடச் சொல்வதன் நோக்கம் வேறு என்று ஐயுற்றார்கள். இதைப் படித்துச் சிரித்த வரலாற்றாசிரியர்கள் உண்டு. எங்களுக்குச் சிரிப்பு வரவில்லை. காதிலிருந்து ஒரு காப்பைக் கழற்றச் சொல்லிவிட்டு நெஞ்சில் வேறொன்றை மாட்டினால், மாட்டப்படுவதும் ஒரு காப்புத்தான் என்று கொள்வது பிழையான தர்க்கம் ஆகாது.

1806 மே மாதம் வேலூரில் இருந்த 4ஆம் ரெஜிமென்ட்டின் இரண்டாம் பட்டாளம் தலைப்பாகையை மறுத்தது. 21 பேர் விசாரிக்கப்பட்டார்கள். இருவருக்கு 900 கசையடி தந்து படையிலிருந்து நீக்கினார்கள். 19 பேருக்கு விதித்த 500 கசையடி மன்னிப்புக் கேட்டதன்பேரில் கைவிடப்பட்டது. ஜூலையில் கோட்டை எரிந்தது. அதன்பின்தான் ஆணைகள் திரும்பப் பெறப்பட்டன. காதணியும் நெற்றிக்குறியும் தத்தம் இடங்களுக்குத் திரும்பின. பென்டிங்க்கும் கிராடக்கும் பதவியிழந்து ஊர் திரும்பினார்கள்.

இனி அணியச் சொன்ன கதை. சிப்பாயின் காப்பு மூடநம்பிக்கை என்று கருதிய அதே படை, அடுத்த தலைமுறையில் தன் வெள்ளை வீரர்களின் வயிற்றில் ஒரு துணியைச் சுற்றியது. காலரா கச்சை என்று அதற்குப் பெயர். கம்பளியால் ஆன ஃபிளானல் துணி. ஏறக்குறைய ஆறடி நீளம், ஆறங்குல அகலம். சட்டைக்கு அடியில், வெறும் வயிற்றின்மேல் இரவும் பகலும் கட்டியிருக்கவேண்டும்.

1817 இல் வங்கத்தின் ஜெஸ்ஸூரிலிருந்து புறப்பட்ட காலரா மறு ஆண்டே மதராஸ் ராஜதானிக்குள் வந்துவிட்டது. நம் மக்கள் வாந்திபேதி என்றார்கள். அம்மனுக்குப் பொங்கலிட்டு, ஊர் எல்லையில் வேப்பிலை கட்டினார்கள். ஆங்கில மருத்துவர்களின் விளக்கம் வேறு. பகலில் வேர்த்த உடம்பில் இரவுக் குளிர் பட்டால் வயிறு சில்லிட்டுப்போகிறது, அதிலிருந்து நோய் பிறக்கிறது. ஆகவே வயிற்றைச் சூடாக வைத்திருக்கவேண்டும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதிக்குள் அந்தக் கச்சை படைவீரனுக்குத் தரப்படும் உடைமைகளில் ஒன்றாகிவிட்டது. சித்திரை வெயிலில், பாலாறு மணல்காடாய்க் கிடக்கும் நாட்டில், வயிற்றில் கம்பளி சுற்றிய ஒருவனைக் கற்பனை செய்து பார்க்கவேண்டும். வேர்க்குரு வந்ததுதான் மிச்சமாக இருந்திருக்கும்.

1854 இல் லண்டனில் ஜான் ஸ்னோ குடிநீரைச் சுட்டிக்காட்டினார். 1884 இல் ராபர்ட் கோக் கல்கத்தாவில் குளத்து நீரிலேயே கிருமியைக் கண்டறிந்து அறிவித்தார். 1893 இல் ஹாஃப்கின் தடுப்பூசியோடு இந்தியாவுக்கு வந்தார். கச்சை மட்டும் போகவில்லை. முதல் உலகப் போர் வரையும் அதற்குப் பின்னரும் அது ஐரோப்பியரின் வெப்பநாட்டு மூட்டையில் இருந்துகொண்டேயிருந்தது. காலராவைத் தடுக்காவிட்டாலும் வயிற்றுக்கு நல்லது என்று காரணம் மாறிக்கொண்டது. வெயிலின் கதிர் முதுகெலும்பைத் தாக்காமலிருக்கச் சட்டையின் உட்புறம் தைத்த பஞ்சு அட்டை என்ற இன்னொரு விந்தையும் இதன் உடன்பிறப்பே.

கச்சைக்கும் காதணிக்கும் காக்கும் ஆற்றலில் என்ன வேறுபாடு? காலராவைப் பொறுத்தவரை இரண்டும் ஒன்றே. ஆனால் ஒன்றைக் கழற்ற மறுத்தவனுக்குக் கசையடி; மற்றொன்று கிடங்கிலிருந்து முறையாக வழங்கப்பட்டுக் கணக்கில் எழுதப்பட்டது. எவருடைய தாயத்து மூடநம்பிக்கை, எவருடையது விதிமுறை என்பதை முடிவுசெய்தது மருத்துவம் அன்று என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்றை நாங்கள் கண்டதில்லை.

படையை விட்டு வழிப்போக்கரிடம் வருவோம். விடுப்பில் ஊர் திரும்பும் சிப்பாய் தன் சம்பளத்தை எங்கே வைத்திருப்பான்? இடுப்பில்தான். தமிழில் அரை என்றாலே இடுப்பு. அரைஞாண் அதில் கட்டும் கயிறு. வேட்டியின் மடிப்பு மடி. அதில் காசு வைத்துச் செருகும் துணிப்பை மடிசீலை. சட்டையும் அதில் பையும் எல்லோருக்கும் வருவதற்கு முன் நம்மவரின் கருவூலம் முழுவதும் தொப்புளைச் சுற்றி ஒரு சாண் அகலத்துக்குள் இருந்தது. மடியில் கனமிருந்தால்தான் வழியில் பயம் என்ற பழமொழியை இன்று குற்றமுள்ள நெஞ்சைக் குறிக்கப் பயன்படுத்துகிறோம். அதைச் சொன்னவர்கள் சொல்லுக்குச் சொல் அப்படியே உணர்ந்து சொன்னார்கள்.

அந்தப் பயத்தின் பெயர் வட ஆற்காட்டில் பான்சிகர். பான்சி என்றால் சுருக்கு. அன்று மாவட்டத்தின் தலைநகர் சித்தூர். 1911 இல் சித்தூர் தனி மாவட்டமான பிறகே வேலூர் தலைநகரானது. அந்தச் சித்தூரின் மாஜிஸ்ட்ரேட் வில்லியம் ரைட், வழிப்போக்கரோடு நட்பாகச் சேர்ந்து நடந்து, தக்க இடத்தில் கழுத்தில் துணியைச் சுற்றிக் கொன்று, மடியை அவிழ்க்கும் கூட்டங்களைப் பற்றி 1810 ஐ ஒட்டிய ஆண்டுகளில் விசாரணை நடத்தினார். புனித ஜார்ஜ் கோட்டையின் மருத்துவர் ரிச்சர்ட் ஷெர்வுட் 1816 இல் எழுதிய கட்டுரை இவர்களைப் பற்றியது. வடக்கே ஸ்லீமன் தக்கர்களைத் தேடப் புறப்படுவதற்குப் பல ஆண்டுகள் முந்தியது அது. இவற்றில் எவ்வளவு உண்மை, எவ்வளவு ஆட்சியாளரின் பீதி என்ற விவாதம் ஆய்வாளரிடையே இன்னும் முடியவில்லை. சாதாரண வழிப்பறியையும் ஒரு பெரிய இரகசிய மதமாக ஊதிப் பெருக்கினார்கள் என்ற வாதத்தில் நியாயமிருக்கிறது. ஆனால் வழியில் மக்கள் செத்தார்கள் என்பதில் ஐயமில்லை. கொன்ற கருவியும் கொல்லத் தூண்டிய பொருளும் ஒரே இடத்தில் இருந்தன. கொல்பவன் இடுப்பில் ஒரு முழத் துண்டு, சாகிறவன் இடுப்பில் வெள்ளிக்காசு. வெளியே பார்த்தால் இருவரும் வேட்டி கட்டிய வழிப்போக்கர்.

வங்கப் படையில் 1810 இல் செயின்ட் லெஜர் என்ற தளபதி சிப்பாய்களுக்கு ஓர் எச்சரிக்கை ஆணை விடுத்தார். விடுப்பில் போகும்போது பணத்தையும் நகையையும் உடம்பில் சுமக்காதீர்கள். ஊருக்கருகிலுள்ள அரசுக் கருவூலத்தின்மேல் உண்டியல் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். வழியில் சேர்ந்துகொள்ளும் அந்நியரை நம்பாதீர்கள் என்பது அதன் சாரம். கும்பினி ஆணைகளில் இப்படியொரு நல்ல புத்தி அரிதாகத்தான் காணக்கிடைக்கிறது. மடியிலிருந்த கனத்தை ஒரு தாளாக்கி, அதற்கு அரசைப் பிணையாக்கியது.

பிணை என்றதும் இந்த வட்டாரத்தின் ஒரு பழக்கம் நினைவுக்கு வருகிறது. வேலூர், ஆம்பூர், வாணியம்பாடிப் பகுதிகளில் உருது பேசும் முஸ்லிம் குடும்பங்களில், நெடும்பயணம் புறப்படுகிறவரின் மேற்கையில் ஒரு காசைத் துணியில் முடிந்து கட்டுவது உண்டு. இமாம் ஜாமின் என்று அதற்குப் பெயர். எட்டாம் இமாம் அலீ ரிழாவின் பெயரால் கட்டுவது, சன்னிகளும் கட்டுவார்கள். ஜாமின் என்றால் பிணை நிற்பவர். நம் நீதிமன்றங்களில் புழங்கும் ஜாமீனும் அதே சொல்தான். பயணம் போகிறவரை ஒருவர் ஜாமீனில் எடுத்திருக்கிறார் என்று பொருள். சட்டைக் கைக்குள் மறைந்து கிடக்கும் அந்தக் காசைப் போகிற இடம் நலமாகச் சேர்ந்ததும் அவிழ்த்து ஏழைக்குக் கொடுத்துவிடவேண்டும். வழியில் தனக்கென்று செலவழிக்கலாகாது. அவசரக் காசு என்று பார்த்தால் விசித்திரமான காசு. வைத்திருப்பவருக்கு மட்டும் உதவாது. இந்து வீடுகளில் மஞ்சள் துணியில் ஒரு ரூபாய் முடிந்து குலதெய்வத்துக்கென எடுத்துவைப்பதும் ஏறக்குறைய இதே ஏற்பாடு. ஆபத்து கடந்தபின் கொடுக்கவேண்டிய கடனாகவே பாதுகாப்பு அங்கே எண்ணப்படுகிறது.

தாயத்தைப் பற்றி ஒரு சொல். தொப்புள்கொடியை உலர்த்தி வெள்ளிக் குழலில் அடைத்து அரைஞாணில் கட்டும் பழக்கம் தமிழகத்தில் பரவலானது. பிற்காலத்தில் நோய் வந்தால் அதிலிருந்து மருந்து செய்ய நம் முன்னோர் சேமித்துவைத்த ஸ்டெம் செல் வங்கி அது என்றொரு செய்தி சில ஆண்டுகளாக வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. தயவுசெய்து நம்பவேண்டாம். உயிருள்ள செல்லைக் காக்கத் திரவ நைட்ரஜனின் கடுங்குளிர் வேண்டும். காய்ந்த கொடியில் உயிரணு ஏதுமில்லை. அந்தத் தாயத்துக்கு இப்படியொரு சான்றிதழ் தேவையுமில்லை. தாயோடு தன்னைப் பிணைத்திருந்த ஒன்றைக் குழந்தை இடுப்பில் கட்டிக்கொண்டு திரிகிறது என்பது போதாதா? மூடநம்பிக்கைக்கு ஆய்வகக் கோட்டு மாட்டிவிடும் இந்த ஆசை, ஃபிளானல் கச்சைக்கு மருத்துவக் காரணம் தேடியவர்களின் ஆசைக்குச் சற்றும் குறைந்ததன்று.

பெண்களின் இடுப்புப் பற்றி ஆணைகள் ஏதும் வரவில்லை. ஆகவே ஆவணமும் குறைவு. சுருக்குப்பையும் முந்தானை முடிச்சும் நம் பாட்டிமாரின் பையாக இருந்தன. காசு, பாக்கு, புகையிலை, ஒரு துண்டுச் சுக்கு. அவசரத்துக்கு உண்மையில் உதவியது அவர்கள் உடம்பிலிருந்த வெள்ளியும் பொன்னும். 1876 முதல் 1878 வரை நீடித்த தாது வருஷப் பஞ்சம் வட ஆற்காட்டையும் விட்டுவைக்கவில்லை. பம்பாய் நாணயச் சாலைக்கு அந்த ஆண்டுகளில் நகைகள் குவியல் குவியலாக வந்து உருகியதைப் பஞ்ச வரலாற்றை எழுதிய வில்லியம் டிக்பி போன்றோர் பதிவுசெய்திருக்கிறார்கள். காப்பும் தண்டையும் அரைஞாணும் எடைக்கு விற்கப்பட்டுத் தானியமாயின. அடுத்து மாடு போயிற்று. பஞ்சத்தில் கால்நடை மடிந்ததால் மதராஸிலிருந்து கப்பலேறிய தோல் பெருகியது. இந்த வட்டாரத்துத் தோல் வளத்தைப் பேசும் நூல்கள் பாலாற்று நீரையும் ஆவாரம்பட்டையையும் தவறாமல் சொல்லும். செத்த மாடுகளையும் அந்தப் பட்டியலில் சேர்க்கவேண்டும் என்பது எங்கள் துணிபு.

1856 ஜூலையில் இராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை தென்னிந்தியாவின் முதல் ரயில் ஓடத் தொடங்கியதும் வழிப்பயணத்தின் பயம் வடிவம் மாறியது. சந்தை சந்தையாகச் சென்று உப்பிட்ட பச்சைத் தோல் வாங்கும் வியாபாரிக்கு ரொக்கம் வேண்டும். சென்னைப் பெரியமேட்டில் தோலை விற்றுத் திரும்பும்போதும் ரொக்கம் வரும். கைலிமேல் அகலமான பெல்ட்டை இறுக்கி, அதன் பொத்தான் வைத்த பைகளில் பணத்தை வைத்து, மேலே சட்டையைத் தொளதொளவென்று விட்டுக்கொள்ளும் தோற்றம் தமிழ் முஸ்லிம் வணிகரிடையே அண்மைக் காலம் வரை சாதாரணம். மடிசீலையின் தோல் வடிவம் அது. பார்ப்பவருக்குத் தொப்பை, கட்டியவருக்குக் கருவூலம். முதல் உலகப் போரின்போது இங்கிருந்து போன பதனிட்ட தோல் ஆங்கிலப் படைவீரரின் பூட்ஸுக்கு மேல்தோலாயிற்று. 1806 இல் ஒரு தோல் குஞ்சத்துக்காக எரிந்த ஊர்ப்பக்கம், 110 ஆண்டுகளில் அந்தச் சாம்ராஜ்யத்தின் காலுக்குத் தோல் கொடுத்துக்கொண்டிருந்தது.

அந்தத் தோலைக் குழியில் இறங்கி மிதித்தவர்கள், சுண்ணாம்பில் ஊறியதை எடுத்து மயிர் சுரண்டியவர்கள் உடம்பில் எதைக் கட்டியிருந்தார்கள்? இந்தக் கேள்விக்குத் தமிழ் இலக்கியம் பதில் சொல்லத் தாமதமாகத்தான் முன்வந்தது. திண்டுக்கல் தோல் தொழிலாளரைப் பற்றிய டி. செல்வராஜின் 'தோல்' நாவலுக்கு 2012 இல் சாகித்திய அகாதெமி விருது கிடைத்தது. நம் வட்டாரத்தில் பேரணாம்பட்டிலிருந்து எழுதவந்த அழகிய பெரியவன் இருக்கிறார். ஒரு கோவணம், ஒரு துண்டு, அரைஞாண் கயிறு: அதற்கு மேல் எதையும் அந்த உடம்புகளுக்கு யாரும் கட்டிவிடவில்லை. துண்டுதான் வேர்வை துடைக்கவும், மூக்கை மூடவும்.

மூக்கை மூடுவது எதற்கென்று சொல்லவேண்டும். மயிர் நீக்கச் சுண்ணாம்போடு சோடியம் சல்பைடும் சேர்ப்பார்கள். அந்தக் கழிவுநீர் அமிலக் கழிவோடு கலந்தால் ஹைட்ரஜன் சல்பைடு எழும். முதலில் அழுகிய முட்டை நாறும். அளவு கூடினால் மூக்கு மரத்து, நாற்றமே தெரியாமல் போகும். வாயு போய்விட்டது என்று எண்ணி இறங்குவார்கள். ஒருவர் விழுவார், காப்பாற்ற இறங்கிய இரண்டாமவர் விழுவார், பிறகு மூன்றாமவர். இந்த வட்டாரத்துக் கழிவுத்தொட்டிகளில் இது பலமுறை நடந்து செய்தியாகியிருக்கிறது. 2015 ஜனவரி 31 இல் இராணிப்பேட்டை சிப்காட்டில் பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தின் தொட்டிச் சுவரே உடைந்து 10 பேரை மூழ்கடித்தது. தொலைவிலிருந்து பிழைக்க வந்து உறங்கிக்கொண்டிருந்தவர்கள் அவர்களில் பெரும்பாலோர்.

இந்தியத் தொழிற்சாலைகள் சட்டம் 1948 இல் இயற்றப்பட்டது. அதன் 36ஆம் பிரிவு நச்சுவாயு தேங்கக்கூடிய குழிக்குள், தொட்டிக்குள் இறங்குவது பற்றியது. இறங்குகிறவர் மூச்சுக்கருவி அணிந்திருக்கவேண்டும். அரையில் ஒரு கச்சை கட்டி, அதை உறுதியாக ஒரு கயிற்றோடு பிணைத்து, கயிற்றின் மறுமுனையைக் குழிக்கு வெளியே நிற்கும் ஒருவர் பிடித்திருக்கவேண்டும் என்றது அது. வேலூர் மதில்மேல் ஒரு கர்னலுக்குக் கிடைத்த ஏற்பாடுதான்: கீழே ஒருவர், மேலே பிடித்துக்கொண்டு ஒருவர், நடுவில் ஒரு கச்சை. காதணியும் ஃபிளானலும் மடிசீலையும் கட்டியவர் தனியாகவே சுமந்தவை. இதற்கு மட்டும் இரண்டு பேர் வேண்டும். ஒரு கூலி கூடுதல்.

அதே பிரிவு இன்னொரு வழியையும் தந்திருந்தது. குழியில் நச்சுவாயு இல்லை என்று தகுதியுள்ள ஒருவர் எழுத்தில் சான்று கொடுத்தாலும் போதும். கச்சைக்கும் அந்தக் காகிதத்துக்கும் நடுவே சட்டத்தில் இருந்தது 'அல்லது' என்ற சொல்.